‘நைஸ்’ என்னும் பெயரடை: பொருளும் வழக்கும்

முன்னுரை

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் சொல்லே கற்போரை மிகுதியாக ஏமாற்றும் சொல்லாகவும் அமைந்துவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் ‘நைஸ்’ என்னும் பெயரடை அத்தகையது. தொடக்கப் பள்ளியிலேயே ‘நல்ல’ என்று பொருள் கூறி இச்சொல்லை நாம் கற்றுவிடுகிறோம். பின்னர் அகராதியைப் புரட்டும் தேவையே எழுவதில்லை. தமிழ் பயிலும் மாணவர்க்கும் மொழிபெயர்ப்புப் பயிற்சி இன்றியமையாததாகிவிட்ட நிலையில், இச்சொல்லின் வரலாற்றையும் வழக்கையும் சுருங்கக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகுப்பறையில் ஒரு நிகழ்ச்சி

மொழிபெயர்ப்பு வகுப்பொன்றில் சேக்சுபியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திலிருந்து ஒரு பகுதியைப் பயிற்சிக்குக் கொடுத்திருந்தோம். ஜூலியட் இறக்கவில்லை, மருந்தால் உறங்குகிறாள் என்னும் செய்தியைத் தாங்கிய கடிதம் ரோமியோவுக்குச் சேரவில்லை. அதனைக் கொண்டு சென்ற துறவியைக் கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைத்துவிட்டனர். இதனைக் கேட்ட லாரன்ஸ் துறவி, அக்கடிதம் ‘நைஸ்’ அன்று எனப் பதறுகிறார்.

மாணவர் ஒருவர், ‘அக்கடிதம் நல்லதன்று’ என மொழிபெயர்த்திருந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை அவர். பிழையென்று சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தோம். அவரோ தயங்கியவாறு, “ஐயா, நைஸ் என்றால் நல்ல என்றுதானே நீங்களும் சொல்லித் தந்தீர்கள்?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். உயிரைக் காக்கவேண்டிய கடிதம் அவருடைய மொழிபெயர்ப்பில் தீய கடிதமாகிவிட்டது. அதற்குக் காரணம் நாம் கற்பித்த முறையே. அவ்விடத்தில் அச்சொல்லுக்கு ‘அற்பமான’ என்பது பொருள். ‘அக்கடிதம் அற்பமானதன்று’ என்பதே துறவியின் கூற்று.

சொல்லின் பிறப்பும் வளர்ச்சியும்

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘நெஸ்கியுஸ்’ என்பதாகும். ‘அறியாத’ என்பது அதன் பொருள். ‘நெ’ என்பது எதிர்மறை. ‘ஸ்கிரே’ என்பது அறிதல். ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் இவ்வறிதல் வேரிலிருந்தே கிளைத்தது. பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துள் புகுந்தபோது ‘நைஸ்’ என்பது ‘மூடத்தனமான’ என்றே பொருள்பட்டது. சாசர் காலத்து ஆங்கிலத்தில் ஒருவரை இச்சொல்லால் குறித்தால் அது வசையேயன்றிப் புகழன்று.

பின்னர் இச்சொல், எதிலும் குறை காணும் இயல்பு, நாணம், மென்மை எனப் பல பொருள்களை ஏற்றது. 16ஆம் நூற்றாண்டில் ‘நுட்பமான’ என்னும் பொருள் வேரூன்றியது. ‘இனிய’ என்னும் இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘நார்த்தாங்கர் அபி’ என்னும் புதினத்தில், நூலையும் நாளையும் நடையையும் பெண்டிரையும் இவ்வொரு சொல்லாலேயே பாராட்டும் வழக்கத்தை ஹென்றி டில்னி என்னும் பாத்திரத்தின் வாயிலாக ஜேன் ஆஸ்டின் எள்ளி நகையாடுகிறார்.

இழிந்த பொருள் உயர்ந்த பொருளாதலை உயர்பொருட்பேறு என்பர். இதற்கு மாறான இழிபொருட்பேற்றுக்கு நம் மொழியின் ‘நாற்றம்’ தக்க சான்று. திருக்குறளில் மலரின் மணத்தைக் குறித்த சொல், இன்று மூக்கைப் பொத்தச் செய்கிறது. அறியாமையிலிருந்து இனிமைக்கு ஏறியது ‘நைஸ்’. நறுமணத்திலிருந்து முடைக்கு இறங்கியது ‘நாற்றம்’.

இன்றைய வழக்கு

இன்றைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் ஆட்சியைப் பின்வருமாறு பகுக்கலாம்.

1. இனிமை: ‘எ நைஸ் டே’ என்பது இனிய நாள். மனிதரைச் சுட்டுமிடத்துப் பண்பான, அன்பான என்றும், உணவைச் சுட்டுமிடத்துச் சுவையான என்றும் கொள்ளவேண்டும்.

2. நுட்பம்: ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பது நல்ல வேறுபாடு அன்று, நுண்ணிய வேறுபாடு. சட்டம், தத்துவம், திறனாய்வு ஆகியவற்றில் இப்பொருள் இன்றும் வழங்குகிறது.

3. மிகை: ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்னுமிடத்து இரு பண்புகள் இல்லை. ‘இதமான சூடு’ என்பது போல, முன்னது பின்னதற்கு வலுவூட்டுகிறது.

4. அங்கதம்: ‘எ நைஸ் மெஸ்’ என்றால் ‘நன்றாகத்தான் சிக்கிக்கொண்டோம்’ என்பதாம். வஞ்சப்புகழ்ச்சி அறிந்த நமக்கு இது புதிதன்று.

வரிசை முறையும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் கருத்துரைக்கும் அடை முன்னும் அளவுரைக்கும் அடை பின்னுமாக ‘எ நைஸ் லிட்டில் ஹவுஸ்’ என்றே வரும். தமிழில் ‘அழகிய சிறிய வீடு’, ‘சிறிய அழகிய வீடு’ என்னும் இரண்டும் இயலும். மேலும் ஆங்கிலத்தில் ‘நைசர்’, ‘நைசஸ்ட்’ என அடையே உருமாறி ஒப்பு உணர்த்தும். தமிழில் அடை மாறுவதில்லை, ‘அதைவிட’, ‘மிக’ போன்றவையே அவ்வேலையைச் செய்கின்றன.

நம் பேச்சுத்தமிழிலும் ‘நைஸ்’ குடியேறிவிட்டது. மாவை நைசாக அரைக்கிறோம். அங்கே ‘நுண்மை’ தலைகாட்டுகிறது. கூட்டத்திலிருந்து ஒருவர் நைசாக நழுவுகிறார். அங்கே பிறர் அறியாமை வேண்டப்படுகிறது. கடன்பட்ட சொல்லுக்கும் நாம் நமக்கென்று ஒரு வாழ்வு கொடுத்துவிடுகிறோம்.

முடிவுரை

எனவே, இப்பெயரடையை மொழிபெயர்க்குமுன் அது எப்பெயரைத் தழுவி நிற்கிறது, எக்காலத்து நூலில் வருகிறது, எத்தொனியில் சொல்லப்படுகிறது என்னும் மூன்றையும் நோக்குதல் வேண்டும். ‘நல்ல’ என்று உடனே எழுதத் துடிக்கும் கையைச் சற்று நிறுத்துவதே மொழிபெயர்ப்பின் முதற்பாடம்.

அம்மாணவருக்குக் குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பியளித்தோம். அவருடைய பழைய பயிற்சித் தாள்களையும் அன்று மீண்டும் பார்த்தோம். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதியிருந்தோம். எது நன்று, ஏன் நன்று என ஓரிடத்திலும் குறிக்கவில்லை. ஆங்கிலேயர் ‘நைஸ்’ என்பதைத் தேய்த்தது போலவே நாமும் ‘நன்று’ என்பதைத் தேய்த்திருந்தோம். இப்பொழுதெல்லாம், ‘இவ்வுவமை பொருத்தம்’, ‘இங்கே சான்று போதாது’ என்று எழுத முயல்கிறோம். அதற்கு நேரம் கூடுதலாகிறது. எனினும், தாளைத் திரும்பப் பெறும் மாணவர் அதனை மடித்து வைக்காமல் நின்று படிக்கிறார்.