நியூட்ரல் போட்டாச்சு என்பார்கள்

அன்புள்ள தம்பிக்கு,

திருத்தணியில் ரெக்கவரி வண்டி ஓட்டப் போகிறாயாம். திருப்பதிச் சாலையும் ஆடிக் கிருத்திகைக் கூட்டமும் இருக்கும்வரை வேலைக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் தெலுங்கும் பழகிக்கொள்; 1960இல் ஆந்திராவிலிருந்து நம் பக்கம் வந்த ஊர் அது, நகரி கூப்பிடு தூரம்.

கொக்கியை மாட்டுமுன் ஒன்று கேள்: இன்ஜின் சுற்றுவது எந்தச் சக்கரத்தை? "நியூட்ரல் போட்டாச்சு, இழுங்க" என்பார் வண்டிக்காரர். அந்தச் சக்கரம் தரையில் உருண்டால் கியர்பாக்ஸின் உள்ளேயும் பாகங்கள் சுழலும். ஆட்டோமேட்டிக்கில் ஆயிலைத் தள்ளும் பம்ப் இன்ஜினோடு ஓடுவது. இன்ஜின் நின்றால் அதுவும் நின்றது. ஆயில் ஏறாமலே எல்லாம் சுற்றித் தேயும். அப்போது சத்தமே கேட்காது. பிறகு கியர் வழுக்கும்போது பழி உன் தலையில். மேனுவல் லாரிகளிலும் இதே கதைதான்: கியர்பாக்ஸின் கீழ்த் தண்டு நின்றுவிடும், ஆயில் மேலே தெறிக்காது. நெடுந்தூரம் இழுக்கும்போது பிராப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடுவது அதனால்தான். அதைக் கழற்ற அலுத்துக்கொள்கிறவனிடம் தொழில் பழகாதே.

பெயரை நம்பி முடிவெடுக்காதே. இன்னோவா கிரிஸ்டாவுக்குப் பின்சக்கரம்தான் சுற்றும், ஹைகிராஸுக்கு முன்சக்கரம். கிரிஸ்டாவின் மூக்கைத் தூக்கி இழுத்தால் தப்பான பக்கத்தைத் தூக்கியிருக்கிறாய். நாலு சக்கரமும் சுற்றும் ஜீப், பேட்டரி கார் இரண்டையும் சக்கரம் எதுவும் தரையில் படாமல் பிளாட்பெட் லாரியில்தான் ஏற்ற வேண்டும். பேட்டரி காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும்.

அமெரிக்காவில் வீட்டு வண்டிக்குப் பின்னால் சின்னக் காரை நாலு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறவர்கள் உண்டு. "அவங்க போறாங்களே" என்று யாராவது வாதாடலாம். தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் காரைப் பார்த்து வாங்கியவர்கள் அவர்கள். உன்னிடம் வருவது நின்றுபோன வண்டி.

மலைப்பாதையில் கயிறு கட்டி இறக்கவே இறக்காதே. இன்ஜின் அணைந்த காரில் பிரேக் சில மிதிக்குள் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். கயிறோ இழுக்குமே தவிர நிறுத்தாது. கிருத்திகைக் கூட்டத்தில் பிளாட்பெட் மேலே ஏற வழி கிடைக்காது. ஆடி பிறக்குமுன் முதலாளியிடம் பேசி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் டாலி ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்