அட்டைப்பெட்டிப் பானமும் நம் இல்லறமும்



ஐந்து சமிதிகளைப் பிள்ளைகட்கு ஓதுவிக்கும்போது நடத்தல், பேசல், உணவு ஏற்றல், பொருளை எடுத்தல் வைத்தல் ஆகிய நான்கினையும் விரித்துரைத்துவிட்டு, ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதியை விரைந்து கடந்துவிடுவது நம்மிற் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. கழிவினை ஓரிடத்தில் இடுமுன் அங்கு உயிர்கள் உளவா என நோக்கி, அவற்றுக்கு ஊறு நேராவண்ணம் இடுதல் என்பதே அதன் கருத்து. அது முனிவர்க்கு உரைத்த ஒழுக்கம்தான். ஆனால் முனிவரிடத்துக் கழிவு மிகச் சிறிது. நம் இல்லங்களிலோ நாள்தோறும் ஒரு கூடை. ஆதலின் அச்சமிதியின் உட்கருத்து இல்லறத்தார்க்கே மிகுதியும் வேண்டற்பாலது என்பது நம் துணிபு. அக்கூடையில் கிடக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் இவ்விதழில் எடுத்துக்கொண்டு ஆராய்வோம். மாம்பழச்சாறு, பால், மோர், இளநீர் முதலியன அடைத்து விற்கப்படும் அட்டைப்பெட்டியே அது.

கடைக்காரர் இதனை டெட்ரா பேக் என்பர். அது சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் 1951-இல் தொடங்கப்பெற்ற ஒரு நிறுவனத்தின் பெயர். ‘டெட்ரா’ என்றால் கிரேக்க மொழியில் நான்கு. அவர்கள் முதலிற் செய்த பெட்டி, நம் கணிதப் பாடத்தில் வரும் நான்முகி வடிவினது; நான்கு முக்கோண முகங்களை உடையது. செங்கல் வடிவம் 1963-இல் வந்தது. நம் நாட்டில் 1985-இல் ஃப்ரூட்டி என்னும் மாம்பழப் பானம் இத்தகைய பெட்டியில் வெளிவந்தது. இன்று சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் அது தொங்குகிறது.

அட்டைப்பெட்டி என்று பெயர் சொன்னாலும் அது அட்டை மட்டும் அன்று. நீண்ட நாள் கெடாதிருக்கும் பானங்களுக்குரிய பெட்டியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு அட்டை, 20 பங்கு பாலித்தீன், 5 பங்கு அலுமினியம். இவை ஆறு அடுக்குகளாக ஒட்டப்பட்டுள்ளன. அட்டை உறுதியைத் தருகிறது. பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கிறது. தலைமயிரினும் மெல்லிய அலுமினியத் தகடு ஒளியையும் காற்றையும் உட்புகவிடாது காக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தே விற்கப்படும் சில பால் பெட்டிகளில் அலுமினியம் இராது.

சொல்லுமுன் செய்து காட்டுக என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலிற் கற்றது. ஆகவே தாய்மார்கள் பிள்ளைகளை அருகிருத்தி இதனைச் செய்து காட்டலாம். கழுவிய பெட்டி ஒன்றைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக நறுக்கி, ஒரு கிண்ணம் நீரில் ஓரிரவு ஊறவிடுக. வெட்டிய விளிம்புகளின் வழியே நீர் அட்டைக்குள் ஏறும். காலையில் விரல்களால் தேய்த்தால் அட்டை பஞ்சுபோற் குழைந்து பிரியும். வெள்ளி நிறத் தகடு பாலித்தீனோடு ஒட்டியபடியே கையில் நிற்கும். ஆலைகளில் நடப்பதும் இதுவே. மாவரைக்கும் கிரைண்டரைப் பன்மடங்கு பெரிதாக்கினாற்போன்ற ஒரு தொட்டியில் பெட்டிகளையும் நீரையும் இட்டு, அரைமணி அளவு சுழற்றுகின்றனர். அட்டையின் நார் கூழாகிச் சல்லடை வழியே இறங்க, அதிலிருந்து மீண்டும் தாளும் அட்டையும் செய்யப்படுகின்றன. எஞ்சும் தகட்டையும் பாலித்தீனையும் ஒன்றாகச் சூடேற்றி அழுத்திப் பலகையாக்குகின்றனர். கூரைத் தகடும் பள்ளிக்கூட இருக்கையும் அப்பலகையில் செய்யப்படுகின்றன.

இவ்வளவு செய்யக்கூடியதாயிருந்தும் பெட்டிகள் ஏன் சாக்கடையோரம் கிடக்கின்றன? காரணம் எடை. சிறிய பெட்டி ஒன்று வெறுமையாய் 8 முதல் 10 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ சேர வேண்டுமாயின் நூறு பெட்டிகளைக் குனிந்து பொறுக்க வேண்டும். தெருவில் பொறுக்கி வாழ்வோர்க்கு அந்நேரத்தில் பாட்டில்களும் இரும்பும் கூடுதலான காசு தரும். பழைய பேப்பர்க்காரரும் இதனை விரும்புவதில்லை. அதற்கும் நியாயம் உண்டு. செய்தித்தாளோடு கலந்து இவை சாதாரணக் காகித ஆலைக்குச் சென்றால், அங்குள்ள குறுகிய நேரச் சுழற்சியில் பெரும்பாலும் கரையாமல் நின்று, கழிவென்று ஒதுக்கப்பட்டுவிடும். ஆகவே பழைய தாள் கட்டினுள் இவற்றைச் செருகி அனுப்புதல் நல்லெண்ணத்தால் செய்யும் பிழை. தனியே சேர்த்தல் வேண்டும்.

சேர்ப்பதிலும் ஒரு முறை உண்டு என்பதை நாம் கற்றது நம் பிழையினாலேயே. அதனை மறையாது உரைப்போம். சில ஆண்டுகட்கு முன் கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தபோது, அவர்கள் குடித்த மாம்பழச்சாற்றுப் பெட்டிகளையெல்லாம் எறியாமல் ஒரு கோணிச் சாக்கில் இட்டுப் பின்கட்டு மூலையில் வைத்தோம். நற்செயல் செய்கிறோம் என்ற பெருமிதமும் இல்லாமற் போகவில்லை. உறிஞ்சிக் குடித்தபின் உள்ளே என்ன இருக்கப்போகிறது என்று எண்ணிக் கழுவாது விட்டோம். ஒரு திங்கள் சென்று சாக்கைத் தூக்கியபோது ஒவ்வொரு துளையிலும் எறும்புச் சாரை. ஒரு பெட்டியை வெட்டிப் பார்த்தோம். மடிப்பு மூலையில் பாகாய் இறுகியிருந்த சாற்றில் ஒட்டி மடிந்தவை கருமணல் கொட்டினாற்போற் கிடந்தன. மற்றவற்றை வெட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

எறும்பினை மூவறிவுயிர் என நம் ஆகமமும் கூறும். தொல்காப்பியமும் மரபியலில் அவ்வாறே வகுக்கும். மூன்றாம் அறிவாகிய மோப்பமே அதனை அத்துளைக்கு அழைத்து வந்தது. நீரை வடிகட்டாமற் பருகாத வீட்டில் இது எவ்வாறு நேர்ந்தது என்று மூத்த பேத்தி வினவினாள். அரிசியில் வண்டு பார்ப்பதும், பொழுது சாயுமுன் அடுப்படியை முடிப்பதும் பற்றி அவளுக்கு அவ்வளவு எடுத்துரைத்திருந்த நமக்கு விடை எழவில்லை. சாக்கை உதறவும் அஞ்சி, வேப்பமரத்தடியில் வாயைத் திறந்து சாய்த்து வைத்து மூன்று நாள் தொடாதிருந்தோம். உயிரோடிருந்தவை தாமே அகன்றன.

அதன்பின் நம் இல்லத்தில் கைக்கொண்ட முறை வருமாறு. பானம் முடிந்தவுடன், மறுநாளைக்கென ஒத்திவையாமல், இரண்டு கரண்டி வடிகட்டிய நீரைப் பெட்டிக்குள் விட்டுக் குலுக்கிக் குடித்தவரே பருகிவிட வேண்டும். இதனால் நீரும் வீணாவதில்லை. இனிப்பு சாக்கடைக்குச் சென்று அங்கே உயிர்களை ஈர்ப்பதும் இல்லை. பிள்ளைகள் இதனை விளையாட்டாகவே செய்கின்றனர். பின்னர் உறிஞ்சுகுழலை நீக்கி, மேலும் கீழும் மடிந்துள்ள நான்கு காதுகளையும் நிமிர்த்து, மேல் விளிம்பைக் கத்தரியால் வெட்டிவிட்டு, மீண்டும் ஒருமுறை அலசுக. பால், மோர்ப் பெட்டிகளுக்கு இவ்விரண்டாம் அலசல் இன்றியமையாதது. இல்லையேல் இரண்டே நாளில் நாற்றம் எழும். கவிழ்த்து உலர்த்தித் தட்டையாக்கிக் கட்டி வைத்தால் ஐம்பது பெட்டிகள் ஒரு நோட்டுப் புத்தகக் கட்டின் இடத்தில் அடங்கும்.

மறுபயன் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஒரு லிட்டர்ப் பெட்டியின் மேற்பகுதியை நீக்கி, அடியில் நான்கு துளையிட்டால் கத்தரி, தக்காளி நாற்றுக்கு நல்ல தொட்டி. ஆனால் அட்டைதானே, மக்கிவிடும் என்று பெட்டியோடு மண்ணில் நட்டுவிடுகின்றனர் சிலர். அட்டை மக்கும், பாலித்தீனும் தகடும் மண்ணிலேயே கிடக்கும். நாற்றை எடுத்து நட்டபின் பெட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் வெட்டிய பெட்டி, மேசை இழுப்பறையில் ஊசி, நூல், பொத்தான் வைக்கப் பயன்படும். மீண்டும் குடிபொருள் ஊற்றி வைக்க மட்டும் கூடாது. மடிப்புகளின் உட்புறத்தை முற்றத் தூய்மை செய்ய இயலாது. எவ்வாறாயினும் ஒரு வீட்டுக்கு எத்தனை நாற்றுத்தொட்டி வேண்டும்? மறுபயன் என்பது கழிவாவதைச் சில திங்கள் தள்ளிப்போடுவதே. வீட்டில் மோர் கடையவும் எலுமிச்சை பிழியவும் கூடிய நாளில் பெட்டியை வாங்காதிருத்தலே முதற்பணி என்பதை இளைய தலைமுறையினர் சினவாது கேட்டல் வேண்டும்.

எரிப்பது பற்றி ஒரு சொல். திருவிழா நாட்களில் சமையற்கூடத்தின் பின்புறம் இலைச்சருகோடு இவற்றையும் குவித்துத் தீயிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. பாலித்தீன் கரும்புகையாகும், அலுமினியம் எரிந்தொழியாமல் சாம்பலில் மின்னிக்கொண்டு கிடக்கும், குவியலுக்குள் புகுந்த உயிர்களின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகம் அநர்த்த தண்டத்தின் வகைகளுள் பிரமாத சரியையை வைத்து, பயனின்றித் தீ மூட்டலையும் அதனுள் அடக்குகிறது. அந்நூலைத் தழுவி எழுந்த நம் அருங்கலச்செப்பை ஓதும் இல்லங்களில் இதனைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் ஒரு கிலோ சேர ஓராண்டும் ஆகலாம். ஆகையால் நம் தெருவில் பதினொரு குடும்பத்தார் ஒன்றுகூடி, ஒரே இடத்திற் சேர்த்து மூன்று திங்களுக்கொருமுறை அனுப்புகிறோம். பேரன் வண்டியில் கட்டிக்கொண்டு நகரத்தின் உலர்கழிவு பிரிக்கும் கூடத்துக்கு முதன்முறை சென்றபோது நாமும் உடன் சென்றோம். அங்குப் பணிபுரியும் அம்மையார் சாக்கை அவிழ்த்ததும் எண்ணவுமில்லை, எடை போடவுமில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் தனியே எடுத்து வைத்தார்.