வளர்ந்தோரும் ஓட்டிசமும்

பிறரோடு பழகும் முறையிலும் புலனுணர்விலும் இளமைதொட்டே வேறுபட்டு நிற்கும் இயல்பே ஓட்டிசமாம். லியோ கன்னர் இதனை 1943 இல் விவரித்தார். அவ்வறிவு நம் வகுப்பறைகளை எட்டப் பல்லாண்டுகள் சென்றன. ஆதலின், கூட்டத்தை ஒதுங்கியவரும் ஓசைக்குக் கூசியவரும் தலைக்கனம் பிடித்தவரெனப் பெயரெடுத்தே வளர்ந்தனர்.

வத்தளையை அடுத்த ராகமையில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து, சிறுவர்க்கென நிலையம் ஒன்று உண்டு. வளர்ந்தோர் மனநல வைத்தியரை நாடலாம். ஆயின், நாடத்தான் வேண்டுமா?

இவ்வியல்பை மாற்றும் மருந்தில்லை. தன்னையறிதலும் தக்க உதவி பெறுதலுமே பயன். இடரின்றி வாழ்வோர் நாடாதிருத்தல் குற்றமன்று. தொழிலிலும் இல்லறத்திலும் அல்லற்படுவோர் தாமதியாதிருத்தல் நன்று. வைத்தியர் குழந்தைப் பருவத்தையும் வினவுவர். அதற்குத் தாயாரின் நினைவும் பழைய தேர்ச்சி அறிக்கைகளுமே சான்று. ஆகவே, முடிவு எதுவாயினும், அன்னையார் உள்ளபோதே கேட்டறிந்து குறித்துவைத்தல் நலமென்போம்.