இரண்டு புள்ளி பிரிய வேண்டும்

பொம்மனஹள்ளியில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில், ஊருக்குப் போய்த் திரும்பிய ஒடிசா கட்டடத் தொழிலாளி ஒருவரின் ஸ்லைடு வந்தது. சிவப்பணுவுக்குள் மலேரியா வளையம். அதன் மேல் ஒரு கறை. நன்றாகத் தெரியட்டும் என்று மைக்ரோஸ்கோப்பின் 10 எக்ஸ் ஐபீஸைக் கழற்றி 25 எக்ஸ் மாட்டினேன். கறை பெரிதானதே தவிர, தெளியவில்லை.

சீனியர் அக்கா வந்து பழைய ஐபீஸையே மாட்டினார். ஸ்லைடுக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் கீழே இறங்கிக் கிடந்தது; அதை ஏற்றி, அதன் ஒளித்துளையான ஐரிஸைத் திறந்தார். கறை இரண்டு புள்ளிகளாகப் பிரிந்தது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகையின் வளையத்தில் அடிக்கடி காணும் அடையாளம் அது. எந்த வகை மலேரியா என்பதை வைத்துத்தான் மருந்தே முடிவாகும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஒளி ஓர் அலை. எவ்வளவு நல்ல லென்ஸிலும் ஒரு புள்ளி சிறு வட்டமாகத்தான் விழும். பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒன்றாகவே தெரியும். 1873இல் ஜெர்மனியின் யேனாவில் எர்ன்ஸ்ட் அபே, எவ்வளவு நெருக்கம் வரை இரு புள்ளிகள் பிரிந்து தெரியும் என்ற எல்லையை விளக்கினார். அலைநீளத்தை, லென்ஸில் பொறித்திருக்கும் என்.ஏ. எண்ணின் (லென்ஸ் எவ்வளவு சாய்ந்த ஒளியை வாங்கும் என்பதன் அளவு) இரு மடங்கால் வகுக்க வேண்டும். பச்சை ஒளி 550 நானோமீட்டர், என்.ஏ. 1.25 என்றால் எல்லை 220 நானோமீட்டர். டெங்கு வைரஸோ சுமார் 50 நானோமீட்டர்தான். "டெங்கு கிருமி தெரியுதாக்கா?" என்று கேட்பவர்களிடம், "இதுல தெரியாதும்மா, அதுக்கு வேற டெஸ்ட்" என்கிறேன்.

நான் கடைப்பிடிப்பவை:

1. 100 எக்ஸ் லென்ஸுக்கு ஆயில் கட்டாயம். காற்றில் என்.ஏ. 1ஐத் தாண்டாது. ஆயிலின் ஒளிவிலகல் எண் கண்ணாடியை ஒட்டி 1.515 இருப்பதால், சாய்ந்து ஓடும் ஒளியும் லென்ஸுக்குள் வந்துசேரும்.

2. ஆயில் லென்ஸில் பார்க்கும்போது கண்டென்சர் மேலே இருக்கட்டும்; அந்தச் சாய்ந்த ஒளியை அனுப்புவது அதுதான். வெளிச்சம் அதிகமென்றால் விளக்கைக் குறைக்கலாம், ஐரிஸை மூடக் கூடாது. மூடினால் ஓரங்கள் கறுத்துத் தெளிவுபோலத் தோன்றும், நுணுக்கம் போய்விடும்.

3. நீல ஃபில்டரைக் கழற்றி வைக்காதீர்கள். 450 நானோமீட்டர் ஒளியில் எல்லை 180 ஆக இறங்கும்.

4. மொத்தப் பெருக்கம் என்.ஏ.வின் ஆயிரம் மடங்கோடு நிற்கட்டும். 1.25க்கு 1250, அதற்கு 10 எக்ஸ் ஐபீஸே போதும்.

இன்றும் வளையத்தில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால், ரிப்போர்ட்டில் எழுதும் முன் கை முதலில் கண்டென்சர் திருகுக்குத்தான் போகிறது.