எத்தனை பெட்டி டைல்ஸ் வேண்டும்? ஒரு கணக்கும் அதன் பொறுப்பும்



செபராங் ஜெயாவில் வரிசை வீடுகள் நிறைந்த ஒரு தாமானுக்கு அருகில் ஒரு ஹார்ட்வேர் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்டு நீங்கள் அங்கே தற்காலிகமாக வேலை செய்கிறீர்கள். தீபாவளிக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. வாடிக்கையாளர் ஒருவர் வந்து கேட்கிறார்:

“தம்பி, எங்க ஹால் பதினஞ்சு அடிக்கு இருபது அடி. ‘டூ பை டூ’ டைல்ஸ் போடணும். எத்தனை பெட்டி வேணும்?”

நீங்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறீர்கள். 15 × 20 = 300 சதுர அடி. இரண்டடிக்கு இரண்டடி கல் என்றால் ஒரு கல்லுக்கு 4 சதுர அடி. 300 ÷ 4 = 75 கற்கள். பெட்டிக்கு 4 கற்கள் என்பதால் 19 பெட்டி.

அவர் 19 பெட்டி வாங்கிப் போகிறார். வேலை முடியும் நாளில் கல் போதவில்லை. மறுபடியும் கடைக்கு வந்தால் அதே தயாரிப்புத் தொகுதிக் கல் தீர்ந்துவிட்டது. ஒரே வடிவமைப்புதான் என்றாலும், வேறு தொகுதியாகச் சூளையில் சுட்ட கல்லின் நிறம் சற்று மாறுபடலாம். ஹாலின் ஓரத்தில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. “நீங்கதானே 19 பெட்டி போதும்னு சொன்னீங்க?” என்று அவர் கேட்கிறார்.

தவறு எங்கே நடந்தது? இந்த இழப்புக்கு யார் பொறுப்பு? முதல் கேள்விக்கு அறிவியல் விடை தரும். இரண்டாவதற்குச் சட்டம் விடை தரும்.

பெயர் வேறு, அளவு வேறு

கடையில் ‘டூ பை டூ’ என்று அழைக்கப்படும் கல்லின் பெட்டியைப் பாருங்கள். 600 மி.மீ. × 600 மி.மீ. என்று அச்சிட்டிருக்கும். ஓர் அடி என்பது 304.8 மி.மீ. ஆகவே இரண்டு அடி 609.6 மி.மீ. ஒவ்வொரு கல்லும் பெயரில் உள்ளதைவிட ஏறக்குறைய 1 செ.மீ. குறைவு.

இப்போது சரியாகக் கணக்கிடுவோம். 300 சதுர அடி என்பது 27.87 சதுர மீட்டர். ஒரு கல்லின் பரப்பளவு 0.6 × 0.6 = 0.36 சதுர மீட்டர். 27.87 ÷ 0.36 = 77.4. அதாவது 78 கற்கள். 19 பெட்டியில் இருப்பதோ 76 கற்கள்தான். ஒரு கல்கூட உடையாவிட்டாலும் அது போதாது.

பரப்பளவு மட்டும் போதுமா?

78 கற்களும் போதாது. கல் என்பது தண்ணீர் அல்ல. மூலைமுடுக்குகளில் தானாகப் பரவி நிரம்பாது. அதை வெட்டித்தான் பொருத்த வேண்டும்.

கற்களுக்கு இடையில் 3 மி.மீ. இடைவெளி விடுவதாகக் கொள்வோம். 20 அடி என்பது 6096 மி.மீ. அதில் 10 முழுக் கற்கள் வைத்தபின் 66 மி.மீ. அகலத்துக்கு ஒரு கீற்று மிஞ்சும். 15 அடி என்பது 4572 மி.மீ. அதில் 7 முழுக் கற்கள் வைத்தபின் 351 மி.மீ. மிஞ்சும். இது பாதிக் கல்லைவிட அதிகம் என்பதால் ஒரு கல்லிலிருந்து இப்படி ஒரு துண்டுதான் கிடைக்கும்.

எனவே முழுக் கற்கள் 70, அந்த ஓர வரிசைக்கு 10, மொத்தம் 80. மற்றோர் ஓரத்தின் 66 மி.மீ. கீற்றுகளை, வெட்டி மிஞ்சிய 249 மி.மீ. துண்டுகளிலிருந்து எடுக்கலாம். கொத்தனார் கவனமாக வெட்டி, ஒரு கல்லும் உடையாமல் இருந்தால் 80 கற்கள், அதாவது 20 பெட்டி போதும். மிஞ்சிய துண்டுகளைப் பயன்படுத்தாவிட்டால் 8 × 11 = 88 கற்கள், அதாவது 22 பெட்டி தேவை.

பரப்பளவுடன் பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கச் சொல்லும் வழக்கம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறதா? 27.87 சதுர மீட்டருடன் 10 விழுக்காடு சேர்த்தால் 30.66. ஒரு பெட்டி 1.44 சதுர மீட்டர் என்பதால் 22 பெட்டி என்றே விடை வரும்.

அளவீட்டுப் பிழை எப்படிப் பெருகுகிறது?

வாடிக்கையாளர் சொன்ன 15 அடியும் 20 அடியும் துல்லியமானவையா? அவர் காலடி வைத்து அளந்திருக்கலாம், நினைவிலிருந்து சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு பக்கமும் 3 அங்குலம் கூடுதல் என்று கொள்வோம். 15.25 × 20.25 = 308.8 சதுர அடி. நீளத்தில் 1.25 விழுக்காடு, அகலத்தில் ஏறக்குறைய 1.67 விழுக்காடு பிழை. பெருக்கும்போது இவை கூடி, பரப்பளவில் கிட்டத்தட்ட 2.9 விழுக்காடு பிழையாகின்றன. இரண்டு கற்களுக்கும் மேல் குறையும்.

கான்கிரீட்டில் இது இன்னும் ஆபத்தானது. அதே அளவுள்ள கார் போர்ச்சுக்கு 100 மி.மீ. கனத்தில் தளம் போடுவதாகக் கொள்வோம். கன அளவு 27.87 × 0.1 = 2.79 கனமீட்டர். மண் சமமாக இல்லாமல், சராசரியாக 20 மி.மீ. பள்ளமாக இருந்தால் கனம் 120 மி.மீ. ஆகிவிடும். வெறும் 2 செ.மீ. வேறுபாடுதான், ஆனால் கான்கிரீட் 20 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படும்! 1:2:4 கலவைக்கு, 50 கிலோ சிமெண்டு மூட்டை 18 போதும் என்றிருந்த கணக்கு 22 மூட்டையாகிறது.

இதிலிருந்து ஒரு விதியை நினைவில் வையுங்கள்: மிகச் சிறிய அளவில் செய்யும் பிழையே விழுக்காட்டில் மிகப் பெரியது. நீளத்தைவிடக் கனத்தைத்தான் அதிகக் கவனத்துடன் அளக்க வேண்டும்.

சொன்ன சொல்லுக்குப் பொறுப்பு உண்டா?

இனி சட்டத்தைப் பார்ப்போம். “நான் சும்மாதான் சொன்னேன், காசு வாங்கவில்லையே” என்று தப்பித்துக்கொள்ள முடியுமா?

இங்கிலாந்தில் நடந்த ஹெட்லி பர்ன் எதிர் ஹெல்லர் வழக்கு இதற்குப் புகழ்பெற்ற சான்று. ஹெட்லி பர்ன் ஒரு விளம்பர நிறுவனம். தன் வாடிக்கையாளரான ஈசிபவர் நிறுவனம் நம்பத்தக்கதா என்று அது ஹெல்லர் வங்கியிடம் விசாரித்தது. வழக்கமான வணிகத்துக்கு நம்பலாம் என்று வங்கி பதில் தந்தது. ஈசிபவர் நொடித்துப்போனது. ஹெட்லி பர்ன் 17,000 பவுனுக்கு மேல் இழந்தது.

1963-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. திறமையும் அறிவும் உள்ள ஒருவர், மற்றவர் தம்மை நம்பிச் செயல்படுவார் என்று தெரிந்தே தகவல் தந்தால், கவனத்துடன் தரவேண்டிய கடமை அவருக்கு உண்டு என்ற கொள்கை அதில் பிறந்தது. ஆனால் அந்த வழக்கில் வங்கி தப்பியது. பதிலிலேயே ‘பொறுப்பேற்காமல் சொல்கிறோம்’ என்று அது எழுதியிருந்தது.

அப்படியானால் ரசீதின் அடியில் ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று அச்சடித்துவிட்டால் போதுமா? போதாது. மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருபவர் நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செயல்பட வேண்டும் என்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்கவும் 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் இடம் தருகிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு செல்லலாம்.

கடைக்காரர் பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, ஒரு தரப்பு மட்டும் ஓர் உண்மை விவரத்தில் தவறாக எண்ணியிருந்தால், அந்த ஒரு காரணத்துக்காக ஒப்பந்தத்தைக் கைவிட முடியாது. ‘மொத்த வேலைக்கும் இந்த விலை’ என்று ஒப்புக்கொண்டபின், கணக்கு தவறிவிட்டது என்று கூறிப் பின்வாங்குவது கடினம்.

உங்களைக் காக்கும் ஆறு பழக்கங்கள்

1. அளவைக் கொடுத்தவர் யார் என்று எழுதுங்கள்: ‘வாடிக்கையாளர் சொன்ன அளவு: 15 அடி × 20 அடி.’
2. அலகையும் கல்லின் உண்மையான அளவையும் எழுதுங்கள்.
3. ஒரே எண்ணைச் சொல்லாமல் வரம்பைச் சொல்லுங்கள்: ‘20 முதல் 22 பெட்டி, எங்கள் ஆலோசனை 22.’
4. இது மதிப்பீடா, உறுதியான விலைப்புள்ளியா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். வாங்குவதற்கு முன் குத்தகையாளரை நேரில் அளக்கச் சொல்லுங்கள்.
5. பிரிக்காத பெட்டியைத் திருப்பித் தரலாமா, எத்தனை நாளுக்குள் என்று முன்பே சொல்லுங்கள். தாளின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.
6. தெரியாததைச் சொல்லாதீர்கள். தூணுக்கு எத்தனை கம்பி என்பது பொறியாளர் சொல்ல வேண்டியது. வீட்டை நீட்டிக் கட்டும் திட்டத்தைச் செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

இந்தப் பழக்கங்கள் புதியவை அல்ல. அறிவியல் கூடத்தில் நீங்கள் செய்வதுதான்: அலகை எழுதுகிறீர்கள், அனுமானங்களைக் குறிப்பிடுகிறீர்கள், பிழையின் வரம்பைச் சொல்கிறீர்கள். கடையில் அதே பழக்கம் வாடிக்கையாளரின் பணத்தையும் உங்கள் நல்ல பெயரையும் காக்கிறது. இந்தக் கணக்கையே தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு ‘ஊக்கூர் பஹான்’ எனப்படும் கட்டுமானப் பொருள் அளவையியல் படிப்பு உண்டு. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் அறையின் நீளத்தையும் அகலத்தையும் முதலில் காலடியாலும், பின்னர் அளவு நாடாவாலும் அளந்து பாருங்கள். இரண்டு பரப்பளவுகளுக்கும் இடையில் எத்தனை விழுக்காடு வேறுபாடு? 600 மி.மீ. கல் எத்தனை பெட்டி தேவை? விடையை, யாரோ ஒருவர் அதை நம்பிப் பணம் கொடுக்கப் போகிறார் என்ற நினைப்புடன் எழுதுங்கள்.