முகத்தைப் பார்த்துச் சொல்லும் விடை

நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். “எட்டேழு எவ்வளவு?” என்றதும் ஒரு மாணவி எழுந்தாள். “ஐம்பத்து நாலு டீச்சர்” என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. புருவம் மட்டும் சற்று நெளிந்திருக்க வேண்டும். உடனே, “இல்ல டீச்சர், ஐம்பத்தாறு” என்றாள். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னேன்.

மறுநாளும் அவளிடம் அதே கேள்வியைக் கேட்டேன். இந்த முறை எடுத்த எடுப்பிலேயே “ஐம்பத்தாறு” என்றாள். முகத்தில் எதையும் காட்டாமல், “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தாள். அதில் சிரிப்பு வரவில்லை. “ஐம்பத்து நாலு டீச்சர்” என்று மாற்றிவிட்டாள்.

சரியான விடையை அவள் கைவிட்டதற்கு என் முகம்தான் காரணம். வாய்ப்பாட்டைவிட என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தாள். முந்தைய நாள் நான் அவளுக்குக் கொடுத்த ‘சரி’, உண்மையில் என் புருவத்துக்குக் கிடைத்த மதிப்பெண்.

கணக்குப் போட்ட குதிரை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை பெரும் புகழ் பெற்றிருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அதை வளர்த்தார். கணக்கைக் கேட்டால் விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். 1904இல் ஒரு குழு ஆராய்ந்து பார்த்தும் ஏமாற்று வேலை எதுவும் தெரியவில்லை.

ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் தொடர்ந்து சோதித்து, 1907இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. கேட்பவரைப் பார்க்க முடியாதபடி மறைத்தாலும் தவறியது. குதிரை தட்டத் தொடங்கியதும் கேட்பவர் சற்றுக் குனிந்து குளம்பைக் கவனிப்பார். சரியான எண்ணிக்கை வந்ததும் அவரை அறியாமலே தலை இம்மியளவு நிமிரும். குதிரை அங்கே நிறுத்திக்கொள்ளும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தம் உடல் விடையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஆசிரியருக்கே தெரியவில்லை.

ஒரு குதிரைக்கே இது முடியும் என்றால், பிறந்த நாள் முதல் மனித முகங்களைப் பார்த்து வளரும் குழந்தைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லுக்கு முன் வரும் மொழி

ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்களில் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. நாமும் சிரிக்கிறோம்; அது மீண்டும் சிரிக்கிறது. இதுவே குழந்தையின் முதல் உரையாடல். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரோனிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய், திடீரென முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, சத்தம் எழுப்பியது. பயனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது, கலங்கியது.

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை விரலால் சுட்டத் தொடங்குகிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டும்போது அம்மாவும் குழந்தையும் ஒன்றையே சேர்ந்து பார்க்கிறார்கள். ‘டாட்டா காட்டு’ என்று பழக்கும்போது, கையசைத்தால் விடைபெறுதல் என்ற பொருளும் சேர்ந்து பதிகிறது.

தெரியாத இடத்தில் என்ன செய்வது என்பதையும் குழந்தை நம் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பலகைமேல் தவழவிடப்பட்டனர். ஓரிடத்தில் கண்ணாடிக்கு அடியில் பள்ளம் தெரியும். எதிர்ப்பக்கம் தாய் நிற்பார். தாயின் முகம் மலர்ந்திருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தனர். தாயின் முகம் அச்சம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. கரும்பலகைக்கு அழைக்கப்படும் மாணவர் முதலில் நம்மைத் திரும்பிப் பார்ப்பதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

வீட்டு விதியும் பள்ளி விதியும்

எந்த உணர்வை யார் முன்னால் காட்டலாம், எதை அடக்க வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு சமூகத்திலும் விதிகள் உண்டு. பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் ஆகிய உளவியலாளர்கள் 1969இல் இவற்றை ‘வெளிப்பாட்டு விதிகள்’ என்ற பொருளில் குறிப்பிட்டனர். இவற்றை யாரும் பாடமாக நடத்துவதில்லை. பார்த்தும் திட்டு வாங்கியும் குழந்தைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

பெரியவர் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், “என்ன முறைக்கிறே?” என்று கேட்கும் வீடுகள் நம்மிடையே பல. அங்கே தலைகுனிவது மரியாதை. அதே குழந்தை வகுப்பில் தலைகுனிந்து நின்றால், “தப்புப் பண்ணலேன்னா என் கண்ணைப் பார்த்துப் பேசு” என்கிறோம். வீட்டில் கற்ற மரியாதை இங்கே குற்றத்தின் அடையாளமாகிவிடுகிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குக் கண்ணோடு கண் பார்ப்பதே பெரும் சுமை. வெளிமாநிலத்திலிருந்து பெற்றோருடன் வந்து சேர்ந்த குழந்தைக்குத் தமிழ் பிடிபடும்வரை நம் முகமும் குரலும்தான் துணை. ஓர் அசைவை மட்டும் வைத்து ஒரு குழந்தையை எடைபோடக் கூடாது.

கை சொல்லும் சேதி

குழந்தைகளின் உடல் நமக்கும் சேதி சொல்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளும் பேசும்போது கைகளை அசைக்கிறார்கள். ஆகவே கையசைவு பிறருக்குக் காட்ட மட்டுமானது அன்று. சிந்தனையோடும் அதற்குத் தொடர்பு உண்டு. சூசன் கோல்டின்-மெடோ என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். உயரமான குவளையிலிருந்து அகலமான கிண்ணத்துக்கு நீரை மாற்றி, “இப்போது எதில் அதிகம்?” என்று கேட்டால், சில குழந்தைகள் வாயால் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள், கைகளோ அகலத்தைக் காட்டும். சொல்லும் கையும் இப்படி வேறுபடும் குழந்தைகள், கற்றுக்கொடுத்தால் மற்றவர்களைவிட எளிதில் முன்னேறியதை அவர் கண்டார். விடை தவறு என்று உட்காரச் சொல்லும் முன் கையையும் பார்த்திருந்தால், புரிதல் பாதி வழி வந்திருப்பது நமக்குத் தெரிந்திருக்கும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

1. கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணுவோம். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். அதை 3 விநாடிகளாக நீட்டியபோது விடைகள் நீண்டன, பேசாதவர்களும் பேசினர்.

2. விடை சரியானாலும் தவறானாலும் “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்போம். தவறுக்கு மட்டும் கேட்டால் அந்தக் கேள்வியே குறிப்பாகிவிடும்.

3. முகத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டாம். டிரோனிக்கின் சோதனையை நினைவில் கொள்வோம். விடையை மதிப்பிடும் முகத்தைத் தள்ளிவைத்து, கேட்கும் ஆர்வத்தைக் காட்டுவோம்.

4. சிலேட்டிலோ தாளிலோ எல்லாரும் விடையை எழுதியபின் ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் செய்வோம். முகம் பார்க்க அங்கே இடமில்லை.

5. தலைகுனிவு, மௌனம், சிரிப்பு ஆகியவற்றுக்குப் பொருள் கொள்ளும் முன் குழந்தையிடம் தனியாகப் பேசுவோம்.

அந்த மாணவியிடம் எல்லா விடைகளுக்கும் ‘எப்படி’ என்று கேட்கத் தொடங்கினேன். முதலில் திணறினாள், ஒவ்வொரு முறையும் விடையை மாற்றினாள். சில வாரங்கள் கழித்து ஒருநாள் மறுபடியும் எட்டேழு வந்தது. “ஐம்பத்தாறு” என்றாள். “எப்படி?” என்றேன். விரல்களைப் பார்த்துக்கொண்டே, “ஏழேழு நாப்பத்தொன்பது. அதோட ஒரு ஏழு” என்றாள். அதன் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.