வண்டி ஏ.சி. நின்று நின்று ஓடுகிறதா?

சாக்லேட், வெண்ணெய் ஏற்றும் வேனில் ஏ.சி. சரியாக ஓடாவிட்டால் சரக்கு இளகி நஷ்டம் நமக்கே. ஒர்க்ஷாப் போகுமுன் காரணத்தை ஓரளவு நாமே கணிக்கலாம்.

கம்ப்ரஸர் இடையிடையே நிற்பது எப்போதும் கோளாறு அல்ல. நன்கு குளிர்ந்ததும், கூலிங் காயிலில் பனி கட்டாதிருக்கத் தெர்மோஸ்டாட் அதை நிறுத்தும். குளிராமலே அடிக்கடி நின்றால்தான் கோளாறு.

வண்டி நிற்கும்போது தொல்லை தந்து, ஓடும்போது சரியாகிறதா? முன்புறக் கண்டென்ஸரில் தூசி அடைத்திருக்கலாம், விசிறி சுழலாதிருக்கலாம். அழுத்தம் மிக உயர்ந்தால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். விசிறியின் ஃபியூஸைப் பாருங்கள். என்ஜின் ஆறியபின் கண்டென்ஸரை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ஓட்டத்திலும் நிற்கிறதா? கேஸ் குறைந்திருக்கலாம். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டிகளில், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோவுக்குக் கீழே இறங்கினால் சுவிட்ச் துண்டித்துவிடும். பைப் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் கசிவு அங்கே இருக்கக்கூடும். பைப்பை நாமே கழற்றக் கூடாது. பீறிடும் கேஸ் கண்ணையும் தோலையும் உறைய வைக்கும்.

கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுவதுதான். கசிவுச் சோதனை செய்து, வாக்குவம் போட்டு, வண்டிக்குரிய எடையளவே நிரப்பச் சொல்லுங்கள். நிரப்பிய எடையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.